நேர்ந்துவிடப்பட்ட இளவரசி

புடாபெஸ்ட் நகரத்தின் மர்கித் பாலம் நேராகப் போவதில்லை. டான்யூப் ஆற்றின் நடுவே ஒரு வளைவு எடுக்கிறது. அந்த வளைவிலிருந்து ஒரு கிளை பிரிந்து, ஆற்றுக்கு நடுவில் நீண்டு கிடக்கும் தீவுக்குள் இறங்குகிறது. பாலம் 1876-இல் திறக்கப்பட்டது. தீவுக்குப் போகும் கிளையை 1900-இல்தான் சேர்த்தார்கள். 4, 6 எண் ட்ராம்கள் அந்த வளைவில் நிற்கும். இறங்கி நடந்தால் சற்று நேரத்தில் நகரத்தின் இரைச்சல் பின்தங்கி, பெரிய மரங்களின் நிழல் தொடங்கிவிடுகிறது.

தீவின் நீளம் சுமார் இரண்டரை கிலோமீட்டர்; அகலம் அதிகபட்சம் அரை கிலோமீட்டர். பெரும்பகுதியில் சொந்தக் கார்களுக்கு இடமில்லை. பேருந்து ஒன்று தீவு நெடுக ஓடுகிறது. கரையை ஒட்டித் தீவைச் சுற்றி ஓடுவதற்கென்றே ரப்பர் பாதை போட்டிருக்கிறார்கள். தென்முனையில் இசைக்கு ஏற்ப நீர் எழும்பும் பெரிய நீரூற்று. நடுவில் 1911-இல் கட்டிய, 57 மீட்டர் உயரமுள்ள தண்ணீர்க் கோபுரம். வெந்நீர்க் குளங்கள், ரோஜாத் தோட்டம், மான்கள் இருக்கும் சிறு விலங்குப் பூங்கா எல்லாம் உண்டு. நான் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாதி நகரம் விரிப்பும் சாப்பாட்டுக் கூடையுமாகப் புல்வெளியில் உட்கார்ந்திருந்தது.

பாலம், தீவு, பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் சாலை, எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்: மர்கித். ஹங்கேரி அரசர் நான்காம் பேலாவின் மகள். இளவரசியாகப் பிறந்து, கன்னியாஸ்திரியாக இந்தத் தீவில் வாழ்ந்து, இங்கேயே சுமார் 28 வயதில் இறந்தவர். தீவுக்கு அப்போது முயல் தீவு என்று பெயர்.

அவர் வாழ்ந்த மடத்தைத் தேடிக் கிழக்குக் கரைப்பக்கம் நடந்தேன். எழுத்தாளர்கள், இசைக்கலைஞர்களின் மார்பளவுச் சிலைகள் வரிசையாக நிற்கும் நடைபாதையைத் தாண்டினால், புல்தரையில் முழங்கால் உயரத்துக்கும் இடுப்பு உயரத்துக்கும் இடையில் கற்சுவர்கள் தெரிகின்றன. கூரை கிடையாது, கதவு கிடையாது. கோயில் எது, உணவுக்கூடம் எது என்று தகவல் பலகையைப் பார்த்துத்தான் பிரித்தறிய வேண்டும். ஒரு சுவரின்மேல் காலை வைத்து ஒரு பையன் காலணிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். கோயிலின் பலிபீடப் பகுதியில், தரையோடு தரையாக ஒரு சிவப்புப் பளிங்குப் பலகை. மர்கித்தின் முதல் கல்லறை இருந்த இடம். அதன்மேல் யாரோ வைத்துப்போன பூக்கள்.

அந்தப் பலகைக்குப் பின்னால் இருக்கும் கதை ஒரு போரிலிருந்து தொடங்குகிறது. 1241 ஏப்ரலில் முஹி என்ற இடத்தில் மங்கோலியப் படை ஹங்கேரியின் சேனையை நொறுக்கியது. பேலா உயிர் தப்பித் தெற்கே ஓடினார். மங்கோலியர் துரத்த, அரச குடும்பம் அட்ரியாட்டிக் கடற்கரை வரைக்கும் போய்ச் சேர்ந்தது. இன்றைய குரோஷியாவில், ஸ்பிளிட் நகரத்துக்கு மேலே பாறை உச்சியில் நிற்கும் கிளிஸ் கோட்டையில் அரசி மரியா அடைக்கலம் புகுந்தார். அவர் நிக்கேயாவிலிருந்து ஆண்ட கிரேக்கப் பேரரசர் தியோடர் லாஸ்காரிஸின் மகள். 1242-இன் தொடக்கத்தில் அந்தக் கோட்டையில்தான் மர்கித் பிறந்தார். அதே ஓட்டத்தில் அரசரின் வேறு இரண்டு மகள்கள் இறந்துபோனார்கள். அவர்களுடைய கல்பேழையை ஸ்பிளிட் பேராலயத்தின் வாசலுக்கு மேலே இன்றும் பார்க்கலாம்.

நாடு கையைவிட்டுப் போய், பிள்ளைகளைச் சாகக் கொடுத்து, பின்னால் எதிரி துரத்தும்போது பெற்றவர்கள் செய்வதை அரசரும் அரசியும் செய்தார்கள். இந்த ஆபத்திலிருந்து தேசம் தப்பினால் பிறக்கிற குழந்தையைக் கடவுளுக்கே கொடுத்துவிடுவதாக நேர்ந்துகொண்டார்கள். 1242-இல் மங்கோலியர் திரும்பிப் போனார்கள். ஏன் போனார்கள் என்று வரலாற்று ஆசிரியர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். பேலாவுக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. கேட்டது கிடைத்தது, சொன்னதைக் கொடுக்க வேண்டியதுதான்.

குழந்தைக்கு மூன்று, நான்கு வயது ஆனபோது வெஸ்ப்ரேம் நகரத்திலிருந்த சாமிநாதர் சபைக் கன்னியர் மடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். பேலா இதற்கிடையில் நாட்டைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார். புடா குன்றின்மேல் கோட்டை எழுப்பினார். பிரபுக்களைக் கல்லால் கோட்டை கட்டச் சொன்னார். ஹங்கேரியர் அவரை நாட்டின் இரண்டாவது நிறுவனர் என்று சொல்வது அதனால்தான். அதே வேகத்தில், மகளுக்காகத் தன் கோட்டையிலிருந்து பார்வைக்கு எட்டும் தூரத்தில், முயல் தீவில் ஒரு புதிய மடத்தைக் கட்டினார். பத்து வயதில் மர்கித் இங்கே வந்தார். 1254-இல் சாமிநாதர் சபையின் பொதுப் பேரவை புடாவில் கூடியது. அதில் சபைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஹம்பர்ட்டின் கையில் அந்தப் பன்னிரண்டு வயதுச் சிறுமி துறவற வார்த்தைப்பாடு கொடுத்தார்.

இங்கே ஒரு விசித்திரத்தைக் கவனிக்க வேண்டும். வறுமையை வாக்களித்த கன்னியர் வாழ்ந்த மடம் அது. ஆனால் அரசர் தம் மகள் இருக்கும் இடம் என்று நிலம், சந்தை வரி, கிராமங்கள் என வாரி வழங்கியதால், நாட்டின் பெரும் நிலவுடைமையாளர்களில் ஒன்றாக அது ஆகிவிட்டது. சேர்ந்தவர்களும் பெரும்பாலும் பிரபுக்கள் வீட்டுப் பெண்கள். கல்லில் மிச்சமிருக்கும் அடித்தளத்தைச் சுற்றி நடந்தாலே அந்த வளாகத்தின் அளவு புரிகிறது. சுவருக்கு வெளியே அரசருக்கும் ஒரு மாளிகை இருந்தது.

அந்தச் செல்வத்துக்கு நடுவில் மர்கித் எப்படி வாழ்ந்தார் என்பது நமக்கு வியப்பூட்டும் அளவுக்குத் தெரியும். காரணம், அவர் இறந்து சில ஆண்டுகளிலேயே, 1276-இல், புனிதர் பட்டத்துக்காகத் திருச்சபை ஒரு விசாரணை நடத்தியது. 110 பேர் சாட்சி சொன்னார்கள். கூட வாழ்ந்த கன்னியாஸ்திரிகள், நோய் தீர்ந்ததாகச் சொன்ன ஊர்மக்கள், எல்லோருடைய வாக்குமூலமும் எழுத்தில் இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பெண்ணொருத்தியை, அவளோடு ஒரே அறையில் தூங்கியவர்களின் வாய்ச்சொல்லில் கேட்கும் வாய்ப்பு அபூர்வமானது.

அவர்கள் சொல்வதைச் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் சித்திரம் முழுக்க முழுக்க அடுக்களையும் நோயாளிகள் அறையுமாக இருக்கிறது. அரசர் மகள் பாத்திரம் தேய்த்தார், தரை பெருக்கினார், தண்ணீர் தூக்கினார். பனிக்காலத்தில் மீன் கழுவிக் கைத்தோல் வெடித்து ரத்தம் வந்தது. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகும் நோயாளியின் படுக்கையை அவர் மாற்றினார். வீட்டிலிருந்து வரும் நல்ல துணியை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு ஒட்டுப்போட்ட ஆடையைக் கட்டினார். யாராவது இளவரசி என்று நினைவூட்டினால் அவருக்குப் பிடிக்காது.

சாட்சிகள் சொல்லும் இன்னொரு பக்கமும் உண்டு. அது படிக்கக் கஷ்டமாக இருக்கிறது. உடம்பில் உறுத்தும் மயிராடை, சாட்டை, நீண்ட உபவாசம், குளிக்காமல் பேன் பிடித்த உடல். அன்றைய பக்தி இதைத் தவம் என்று போற்றியது. இன்றைய கண்ணுக்கு ஒரு இளம்பெண் தன்னைத் தானே வதைத்துக்கொண்டு, முப்பதைத் தொடாமல் போனதாகத்தான் தெரிகிறது. அந்த வாக்குமூலங்களில் நான் மதிப்பது அடுக்களையை, சாட்டையை அல்ல.

அதைவிட அதிகமாக மதிப்பது அவர் சொன்ன ஒரு மறுப்பை.

1260-இல் கிரெஸன்புருன் போரில் பேலா தோற்றார். வென்றவர் போகீமியா அரசர் இரண்டாம் ஒட்டோகார். சமாதானம் வேண்டும், அந்தக் காலத்தில் சமாதானம் என்றால் சம்பந்தம். ஒட்டோகார் தன்னைவிட மிகவும் மூத்த மனைவியை விலக்கிவிட்டுப் புதிய பெண் தேடிக்கொண்டிருந்தார். பேலாவின் பார்வை தீவு மடத்தின்மேல் விழுந்தது. பதினெட்டு வயது மகளிடம் போய், வார்த்தைப்பாட்டுக்குப் பாப்பரசரிடம் விலக்கு வாங்கித் தருகிறோம், வெளியே வா, நீ அரசியாகலாம் என்றார்கள். கடவுளுக்கு நேர்ந்துவிட்ட அதே தாய் தகப்பன்தான் இப்போது அந்தப் பிள்ளையைத் திருப்பிக் கேட்டார்கள்.

மர்கித் மாட்டேன் என்றார். மடத்தை விட்டு வெளியேறுவதைவிட மூக்கையும் உதட்டையும் அறுத்துக்கொள்வேன் என்று அவர் சொன்னதாகச் சாட்சிகள் சொல்கிறார்கள். வெறும் பேச்சோடு நிற்கவும் இல்லை. மறுபடி யாரும் விலக்கு என்று பேச வழியில்லாதபடி, 1261-இல் எஸ்டர்கோம் பேராயரின் கையால் முறைப்படி முக்காடு பெற்றுக் கன்னியாக அர்ப்பணம் செய்துகொண்டார். பின்னாளில் சிசிலி அரசர் ஆஞ்சுவின் சார்லஸ் தரப்பிலிருந்து சம்பந்தம் வந்தபோதும் பதில் மாறவில்லை.

அரசருக்குக் கோபம். மகளுக்காகச் சாமிநாதர் சபையைத் தாங்கிய பேலா, பிற்காலத்தில் பிரான்சிஸ்கன் சபையின் பக்கம் சாய்ந்தார். தம்மை அவர்களுடைய எஸ்டர்கோம் கோயிலில்தான் அடக்கம் செய்யச் சொன்னார். ஒட்டோகாருக்குப் பேலாவின் பேத்தி குனிகுண்டாவைக் கட்டிக்கொடுத்துக் காரியத்தை முடித்தார்கள். அந்தச் சம்பந்தத்தால் வந்த சமாதானமும் நிலைக்கவில்லை. 1278-இல் ஒட்டோகார் போர்க்களத்தில் கொல்லப்பட்டபோது எதிர்ப்பக்கம் ஹங்கேரியப் படையும் நின்றது.

மூன்று வயதில் ஒரு குழந்தையை மடத்தில் விடுவது அந்தக் குழந்தையின் விருப்பம் அல்ல. பன்னிரண்டு வயதில் கொடுத்த வார்த்தைப்பாட்டையும் முழு விருப்பம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாழ்க்கையில் முதன்முதலாக அவர் முன்னால் இரண்டு வழிகள் வைக்கப்பட்டது 1261-இல்தான். அப்போது அவர் தேர்ந்தெடுத்ததால், தாய் தகப்பனின் நேர்ச்சை அவருடைய சொந்த முடிவாக மாறியது. பக்தி நூல்கள் அவருடைய கீழ்ப்படிதலைப் புகழ்கின்றன. நான் அந்த இடிபாட்டில் உட்கார்ந்து யோசித்தபோது, அவர் வாழ்க்கை திரும்பிய இடம் ஒரு கீழ்ப்படியாமை என்றே பட்டது.

தேர்வு எல்லோருக்கும் ஒன்றாக இருக்காது என்பதற்கும் இதே மடத்தில் சான்று உண்டு. மர்கித்தின் அண்ணன் ஐந்தாம் இஷ்த்வானின் மகள் எலிசபெத்தையும் சிறு வயதிலேயே இங்கே கொண்டுவந்து விட்டார்கள். அவர் வளர்ந்து மடத்தலைவியாகவும் ஆனார். பிறகு அவருடைய தம்பி, அரசர் நான்காம் லாஸ்லோ, அவரை மடத்திலிருந்து வெளியே கொண்டுவந்தார். 1288-இல் செக் பிரபு ஜாவிஷுக்கு மணம் முடித்துவைத்தார். இந்த ஜாவிஷ் வேறு யாருமல்ல, ஒட்டோகாரின் விதவை குனிகுண்டாவை முன்பு மணந்திருந்தவர். 1290-இல் ஜாவிஷின் தலையை வெட்டினார்கள். ஒரே மடம், ஒரே குடும்பம். அத்தை வெளியே வர மறுத்தார், மருமகள் வந்தார். இருவரையும் சிறுவயதில் உள்ளே அனுப்பியவர்கள் அவர்களிடம் எதுவும் கேட்கவில்லை.

மடத்துக்குள் இருந்தபடியே மர்கித் வெளியுலகத்துக்குப் பயன்பட்ட ஒரு சந்தர்ப்பமும் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. 1264, 65-இல் அப்பா பேலாவுக்கும் அண்ணன் இஷ்த்வானுக்கும் உள்நாட்டுப் போர். மகன் வென்றான். 1266 மார்ச்சில் இருவரும் சமாதான உடன்படிக்கை செய்துகொண்ட இடம் இந்தக் கன்னியர் மடம். அப்பாவும் மகனும் ஆயுதமில்லாமல் சந்திக்க நாட்டில் பொதுவான இடம் என்று மிஞ்சியது, மர்கித் வாழ்ந்த இந்தச் சுவர்களுக்குள்தான்.

தீவில் நிற்கும்போது ஒரு அற்புதக் கதை மட்டும் மறக்காமல் நினைவுக்கு வருகிறது. டான்யூப் பெருகி மடத்து முற்றம் வரை வந்ததாக மர்கித் சொன்னதை, சபையின் மாநிலத் தலைவர் மார்செல் நம்பவில்லை. தான் பொய் சொல்லவில்லை என்று காட்டும்படி மர்கித் ஜெபித்தார். ஆறு மறுபடியும் ஏறி வந்தது, மார்செல் சுவரேறித் தப்பினார் என்கிறது கதை. மர்கித்தின் மிகப் பழைய வாழ்க்கை வரலாற்றை எழுதியவராக இதே மார்செலைத்தான் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அற்புதத்தை நம்புவது அவரவர் விருப்பம். ஆனால் இந்த ஆற்றுக்கு எத்தனை பக்கத்தில் அவர்கள் வாழ்ந்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

1270 ஜனவரி 18-ஆம் நாள் மர்கித் இறந்தார். மே மாதம் 3-ஆம் நாள் அப்பா பேலாவும் இதே தீவில் உயிர்விட்டார். இரண்டு ஆண்டு கழித்து இறந்த இஷ்த்வானைத் தங்கையின் மடத்துக் கோயிலிலேயே புதைத்தார்கள்.

பிறகு நடந்தது நீண்ட காத்திருப்பு. 110 பேர் சாட்சி சொல்லியும் பட்டம் வரவில்லை. அடுத்தடுத்து வந்த அரசர்கள் ரோமாபுரிக்குக் கேட்டு எழுதினார்கள். 1510-இல் இதே மடத்துக் கன்னியாஸ்திரி லேயா ராஷ்கை, மர்கித்தின் கதையை ஹங்கேரிய மொழியில் அழகான கையெழுத்தில் படியெடுத்தார். அந்தச் சுவடி ஹங்கேரிய மொழியின் பழைய இலக்கியச் செல்வங்களில் ஒன்று. 1541-இல் புடா துருக்கியர் கைக்குப் போனது. கன்னியாஸ்திரிகள் மர்கித்தின் எலும்புகளோடு தீவை விட்டு ஓடி, ஊர் ஊராக மாறி, கடைசியில் இன்றைய பிராட்டிஸ்லாவாவில் சேர்ந்தார்கள். 1782-இல் பேரரசர் இரண்டாம் ஜோசப் மடங்களைக் கலைத்தபோது அந்த எலும்புகளும் சிதறிப்போயின. அதனால் தீவில் இருக்கும் பளிங்குப் பலகைக்கு அடியில் உடல் இல்லை.

மடம் மண்ணுக்குள் போய், தீவு அரச குடும்பத்தின் தோட்டமாக மாறியது. 1838-ஆம் ஆண்டின் டான்யூப் பெருவெள்ளத்துக்குப் பின் இடிபாடுகள் வெளியே தெரிந்தன. அந்த ஆண்டிலேயே ஒரு கல்லறையிலிருந்து, இஷ்த்வானுடையது என்று கருதப்படும் கிரீடம் கிடைத்தது. புனிதர் பட்டம் 1943 நவம்பர் 19-இல் வந்தது. விசாரணைக்கும் பட்டத்துக்கும் இடையில் 667 ஆண்டுகள். உலகப் போரின் நடுவில் ஹங்கேரிக்கு அது ஒரு ஆறுதல் செய்தி. அடுத்த ஆண்டு நவம்பரில், ஜெர்மானியர் பொருத்தியிருந்த வெடி தவறுதலாக வெடித்து, மர்கித் பாலத்தின் ஒரு பகுதி ட்ராமோடும் மனிதர்களோடும் ஆற்றில் விழுந்தது. இன்று நாம் நடக்கும் பாலம் போருக்குப் பின் திரும்பக் கட்டியது.

மர்கித்தின் அக்காமாரில் இருவர்கூடக் கடைசியில் மடத்துக்குத்தான் போனார்கள். போலந்தில் வாழ்க்கைப்பட்ட கிங்காவும் யோலாந்தாவும் கணவர் இறந்த பிறகு கிளாரம்மாள் சபையில் சேர்ந்தவர்கள். போலந்தின் வியெலிச்கா உப்புச் சுரங்கத்தில், பூமிக்கடியில் 101 மீட்டர் ஆழத்தில், உப்பிலேயே செதுக்கிய கோயில் கிங்காவின் பெயரில் இருக்கிறது. கிராக்கோ பக்கம் போகிறவர்கள் அதையும் இந்தத் தீவையும் ஒரே பயணத்தில் பார்க்கலாம்.

புடாபெஸ்ட் போகிறவர்களுக்குச் சொல்ல விரும்புவது இதுதான். தீவுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. இடிபாடுகளுக்கும் கிடையாது. காலையில் கூட்டம் சேரும் முன் போங்கள். நீரூற்றுக்கும் வெந்நீர்க் குளத்துக்கும் பிறகு நேரம் இருக்கும். முதலில் கிழக்குக் கரைக்கு நடந்து அந்தக் கற்சுவர்களைப் பாருங்கள். பக்கத்திலேயே வெண்கல மணி தொங்கும் புனித மிக்கேல் சிற்றாலயம் இருக்கிறது. அந்த மணி 1914-இல் புயலில் சாய்ந்த ஒரு மரத்தின் வேருக்கடியில் கிடைத்தது. தீவில் கிடைத்த கிரீடத்தைப் பார்க்க ஹங்கேரிய தேசிய அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். தீவையும் கிரீடத்தையும் பார்த்துவிடுங்கள். அண்ணனின் கிரீடம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. தங்கையின் பெயர் ஒரு தீவுக்கும் ஒரு பாலத்துக்கும் நிலைத்துவிட்டது.